ஐந்து உருப்படிகள், ஒரு வெள்ளிக்கிழமை: சோனி ரோலின்ஸின் ‘சாக்ஸபோன் கொலோசஸ்’

1956 ஜூன் 22. நியூயார்க்குக்கு அருகே, நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹாக்கன்சாக் என்ற ஊர். அங்கே ரூடி வான் கெல்டர் என்பவருடைய பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் நான்கு பேர் கூடி ஐந்து உருப்படிகளை வாசித்துப் பதிவு செய்தார்கள். வான் கெல்டருக்குப் பகலில் கண் பரிசோதனைத் தொழில். மற்ற நேரத்தில் அந்த அறைதான் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். பிரெஸ்டீஜ் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்துக்கு அன்று நடந்தது வழக்கமான வேலை. டெனர் சாக்ஸபோனில் சோனி ரோலின்ஸ், பியானோவில் டாமி ஃப்ளானகன், பேஸில் டக் வாட்கின்ஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். மொத்த இசை நாற்பது நிமிடம். அடுத்த ஆண்டு அது ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது.

ரோலின்ஸுக்கு அந்த ஆண்டில் இது ஒன்றுதான் பதிவு என்றால் அதன் புகழில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 1956-இல் மட்டும் அவர் தன் பெயரில் அரை டஜன் ஆல்பங்களைப் பதிவு செய்தார். ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, மே 24 அன்று, இதே அறையில், இதே நிறுவனத்துக்காக ‘டெனர் மேட்னஸ்’ பதிவானது. அதன் தலைப்பு உருப்படியில் ரோலின்ஸும், டெனர் சாக்ஸபோனின் இன்னொரு பெரும் பெயரான ஜான் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசிக்கிறார்கள். இருவரும் சேர்ந்து வாசித்த பதிவு வேறு கிடையாது. காகிதத்தில் பார்த்தால் காலத்தை வென்றிருக்க வேண்டியது அந்தத் தட்டு. அது மதிக்கப்படுகிறது, ஆனால் மீண்டும் மீண்டும் கேட்கப்படுவது ‘சாக்ஸபோன் கொலோசஸ்’. விருந்தாளி நட்சத்திரம் இல்லை, பெரிய திட்டம் இல்லை, புதுமைப் பிரகடனம் எதுவும் இல்லை. பிறகு எதனால் நின்றது என்பதுதான் இங்கே ஆராய வேண்டிய கேள்வி.

ஜாஸ் ரசிகர்கள் சட்டென்று சொல்லும் விடை “ரோலின்ஸின் மேதைமை.” அந்த விடையால் பயனில்லை. மேதைமை மே மாதத்திலும் இருந்தது, அக்டோபரிலும் இருந்தது. என் கணிப்பு வேறு. ஒருவர் வாசித்துக்கொண்டே யோசிப்பதைக் கேட்பவரும் கூடவே பின்தொடர முடிகிற பதிவு இது. அதற்குத் தோதாக அன்றைய சூழ்நிலையும் வாய்த்தது. அந்தச் சூழ்நிலையில் பாதி, சிக்கனத்தால் வந்தது.

வாசித்தவர்

ரோலின்ஸ் 1930-இல் ஹார்லெமில் பிறந்தவர். பெற்றோர் கரீபியக் கடலின் வர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர்கள். டெனர் சாக்ஸபோனை ஜாஸின் நாயக வாத்தியமாக ஆக்கிய கோல்மன் ஹாக்கின்ஸ் அதே பகுதியில் குடியிருந்தார். பையன் அவரைப் பார்த்தே வளர்ந்தான். ஆல்ட்டோ சாக்ஸபோனில் தொடங்கி, பதினாறு வயது வாக்கில் டெனருக்கு மாறினான். பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் வீட்டு ஒத்திகைகளில் உட்கார இடம் கிடைத்தது. பத்தொன்பது வயது நிரம்பும் முன்பே பியானோ கலைஞர் பட் பவல், டிரம்பெட் கலைஞர் ஃபேட்ஸ் நவாரோவுடன் பதிவு செய்துவிட்டான்.

அதன் பிறகு அந்தத் தலைமுறையில் பலருக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்தது. ஹெராயின். 1950-இல் ஆயுதக் கொள்ளை வழக்கில் சிறை. வெளியே வந்து நிபந்தனையை மீறியதால் மறுபடியும் சிறை. இதற்கு நடுவிலும் 1954-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் பதிவுக்காக ‘ஓலியோ’, ‘டாக்ஸி’, ‘ஐரெஜின்’ என்று மூன்று உருப்படிகளை எழுதித் தந்தார். இன்றும் ஜாஸ் மேடைகளில் அவை அன்றாடம் ஒலிக்கின்றன. 1955-இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் இருந்த அரசு மருத்துவமனையில் தானாகவே சேர்ந்து போதைப் பழக்கத்தை விட்டார். வெளியே வந்ததும் நியூயார்க்குக்குத் திரும்பவில்லை. பழைய கூட்டாளிகளுக்கு எட்டாமல் சிகாகோவில் தங்கி, துப்புரவு வேலை போன்றவற்றைச் செய்துகொண்டு ஒதுங்கியிருந்தார்.

அங்கிருந்து அவரை மேடைக்கு இழுத்தது கிளிஃபர்ட் பிரவுன் – மேக்ஸ் ரோச் குழு. 1955 கடைசியில் அதில் சேர்ந்தார். டிரம்பெட் வாசித்த பிரவுன் வயதில் ரோலின்ஸைவிட ஏறக்குறைய இரண்டு மாதம்தான் இளையவர். குடியும் போதையும் இல்லாத மனிதர். வாசிப்பிலோ எவருக்கும் பின்தங்காதவர். சுத்தமாக வாழ்ந்துகொண்டே நல்ல ஜாஸ் கலைஞராகவும் இருக்க முடியும் என்று தனக்குக் காட்டியவர் பிரவுன்தான் என ரோலின்ஸ் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஜூன் மாதம் அந்த வரவேற்பறைக்குள் நுழைந்தவர், மீண்டு வந்து ஓராண்டு மட்டுமே ஆன இருபத்தைந்து வயது இளைஞர். வாரத்தில் பல இரவுகள் பக்கத்தில் ரோச்சை வைத்துக்கொண்டு வாசித்துப் பழகியிருந்தவரும்கூட. இந்த இரண்டாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை.

ஒத்திகைக்குக் காசில்லை

பிரெஸ்டீஜ் முதலாளி பாப் வைன்ஸ்டாக் ஒத்திகைக்குச் செலவு செய்யும் வழக்கம் இல்லாதவர். அதே வான் கெல்டரின் அறையைப் பயன்படுத்திய ப்ளூ நோட் நிறுவனம் கலைஞர்களுக்கு ஒத்திகை நாளுக்கும் கூலி கொடுத்தது. அதன் தட்டுகளில் அந்த மெருகு தெரியும். பிரெஸ்டீஜில் வருவார்கள், என்ன வாசிப்பது என்று பேசிக்கொள்வார்கள், வாசிப்பார்கள், கூலியை வாங்கிக்கொண்டு போவார்கள். இப்படி உருவான தட்டுகளில் கணிசமானவை இன்று கேட்கத் தேவையில்லாதவை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த ஒரு நாளில் அந்தச் சிக்கனமே கைகொடுத்தது என்று நினைக்கிறேன். ஒத்திகை இல்லையென்றால் எல்லோருக்கும் தெரிந்ததையோ, தாளைப் பார்த்ததும் பிடிபடுவதையோதான் வாசிக்க முடியும். ரோலின்ஸ் அன்று எடுத்துக்கொண்டவற்றைப் பாருங்கள்: ஒரு தீவுப் பாட்டு, ஒரு காதல் சோகப் பாட்டு, தானே எழுதிய வேகமான மெட்டு ஒன்று, நாடகக் கொட்டகையிலிருந்து தெருவுக்கு வந்த பாட்டு, கடைசியில், பன்னிரண்டு தாள அளவுகள் திரும்பத் திரும்பச் சுழலும் ப்ளூஸ். பெரும்பாலும் முகப்பு எளிமையானவை. சிக்கல் எல்லாம் மெட்டு முடிந்த பிறகு மனோதர்மத்தில்தான் தொடங்குகிறது. கேட்பவருக்கு மெட்டு மனத்தில் பதிந்துவிடுவதால், அதை வைத்துக்கொண்டு ரோலின்ஸ் என்ன செய்கிறார் என்பதும் தெரிகிறது. மெட்டே புதிராக இருந்தால் அதன்மேல் கட்டுவதைப் பின்தொடர ஜாஸ் பயிற்சி வேண்டும்.

ஃப்ளானகனும் வாட்கின்ஸும் டெட்ராய்ட்காரர்கள். ஃப்ளானகன் நியூயார்க்குக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வாட்கின்ஸுக்கு இருபத்திரண்டு வயது. இருவரும் அடக்கமான துணை. ஃப்ளானகனின் பியானோவில் ஒரு விரல்கூட வீணாக விழுவதில்லை. ரோலின்ஸுக்கு முன்னால் முண்டியடிப்பதும் இல்லை. பிற்காலத்தில் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு நெடுங்காலம் பக்கவாத்தியம் வாசிக்கப் போகிறவர் இவர்தான் என்பது இந்தத் தட்டிலேயே தெரிகிறது.

இரண்டு ஸ்வரம்

முதல் உருப்படி ‘செயின்ட் தாமஸ்’. வர்ஜின் தீவுகளில் ஒன்றின் பெயர். ரோலின்ஸின் தாயார் சிறுவயதில் அவருக்குப் பாடிக்காட்டிய மரபுப் பாட்டு இது. தட்டில் இயற்றியவர் என்று ரோலின்ஸ் பெயர்தான் இருக்கிறது; ஆனால் முந்தைய ஆண்டே ராண்டி வெஸ்டன் என்ற பியானோ கலைஞர் இதே மெட்டை வேறு பெயரில் பதிவு செய்திருந்தார். உரிமைத் தொகை யாருக்குப் போனது என்பது இசைத்தட்டு உலகின் வழக்கமான கதை, அதை விட்டுவிடலாம்.

ரோச் தனியாகத் தொடங்குகிறார். கரீபியத் தீவுகளின் கலிப்சோ தாளம். காலால் மிதித்து மூடும் இரட்டைத் தட்டு ஒரு கணக்கில் போக, கைகள் அதற்கு எதிர்க்கணக்கில் உரையாடுகின்றன. பிறகு மெட்டு. மெட்டு முடிந்ததும் ரோலின்ஸ் செய்வது, முதல்முறை கேட்பவருக்குச் சற்று விசித்திரமாக இருக்கும். இரண்டே ஸ்வரம் வாசிக்கிறார். நிறுத்துகிறார். அதே இரண்டை மறுபடியும், தாளத்தில் கொஞ்சம் தள்ளி. மறுபடியும். வேகமாக நூறு ஸ்வரங்களைக் கொட்ட வல்லவர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு ஸ்வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை எங்கே போடலாம் என்று யோசிக்கிறார். இந்த இடைவெளிகளில்தான் ரோச்சின் டிரம்ஸ் காதில் விழுகிறது. பேச்சில் எதிராளி பதில் சொல்ல இடம்விடும் மரியாதை அது. தினமும் சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இடையில்தான் வரும்.

அந்த இரண்டு ஸ்வரம் மெல்ல நீண்டு வாக்கியமாகிறது, வாக்கியம் பத்தியாகிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு நிரவல் நினைவுக்கு வரும்: ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதன் இடத்தை விடாமல், சுற்றிச்சுற்றி விரிப்பது. ஒற்றுமை அவ்வளவோடு சரி. நிரவலில் சாகித்யத்தின் சொற்கள் தாளத்தில் விழும் இடம் ஏறக்குறைய நிலையாக இருக்க வேண்டும். ரோலின்ஸ் வேண்டுமென்றே அந்த இடத்தைத்தான் நகர்த்துகிறார். அவருடைய விளையாட்டே அதுதான்.

அவர் முடித்ததும் ரோச் தனியாக வாசிக்கிறார். அதற்குப் பிறகு கலிப்சோ போய், ஜாஸின் வழக்கமான நடையான சுவிங் தாளம் வந்துவிடுகிறது. ரோலின்ஸ் மறுபடியும் நுழைந்து இப்போது ஓடுகிறார். முதல் பகுதியில் அத்தனை கஞ்சமாக இருந்தது இந்த ஓட்டத்துக்காகத்தான் என்பது அப்போதுதான் புரிகிறது. ஏழு நிமிடத்துக்கும் குறைவு. ஜாஸே கேட்டிராத ஒருவருக்கு முதலில் எதைப் போடுவது என்று கேட்டால் பலரும் இதைக் காட்டுகிறார்கள், நியாயம்தான்.

அடுத்தது ‘யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்’. நல்ல வாசிப்பு. பெரிய, கரகரப்பான தொனி. ஹாக்கின்ஸின் பிள்ளை என்று சொல்லும் தொனி. ‘ஸ்ட்ரோட் ரோட்’ இந்தத் தட்டில் மிக வேகமானது. அதன் நடுவே பியானோவும் டிரம்ஸும் ஒதுங்கி, ரோலின்ஸும் வாட்கின்ஸும் மட்டும் ஓடும் சில நொடிகள் அபாரம். சிகாகோவின் ஸ்ட்ரோட் ஓட்டலின் பெயர் அதற்கு. ஃப்ரெடி வெப்ஸ்டர் என்ற டிரம்பெட் கலைஞர் 1947-இல் இறந்தது அந்த ஓட்டலில். மெட்டில் துக்கத்தின் சாயல் எதுவும் இல்லை.

‘மொரிட்டாட்’ மேல் எனக்குத் தனிப் பிரியம். கர்ட் வைல் 1928-இல் பெர்லின் நாடகம் ஒன்றுக்காக அமைத்த கொலைகாரன் பாட்டு. 1954-இல் அந்த நாடகம் நியூயார்க்கில் மறுபடி மேடையேறியது. 1955-இல் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் ‘மேக் த நைஃப்’ என்று இதைப் பாடினார். 1956-இல் இந்த மெட்டு காதில் விழாத அமெரிக்கர் இருந்திருக்க முடியாது. ஜாஸ் உலகின் கௌரவக்காரர்கள் தொடத் தயங்கும் பண்டம். ரோலின்ஸ் அதை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் வாசிக்கிறார். கேலி செய்கிறாரா, உண்மையாகவே நேசிக்கிறாரா என்றால் இரண்டும்தான். வாக்கியத்தை முடிக்கப் போகிறார் என்று நாம் நினைக்கும் இடத்தில் முடிக்காமல் விடுகிறார். எதிர்பாராத இடத்தில் ஒரு ஸ்வரத்தைக் குரைப்பதுபோல் போடுகிறார். சிரிப்பு வருகிறது. விமர்சகர்கள் இந்தத் தட்டைப் பற்றி எழுதியதில் சிரிப்புக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் குறை. இவரிடம் கேட்பவர் சலிக்காமல் இருப்பதற்குப் பெரிய காரணமே அந்தக் குறும்பு.

‘ப்ளூ செவன்’ வழக்கு

கடைசி உருப்படி ‘ப்ளூ செவன்’ பதினோரு நிமிடத்தைத் தாண்டுகிறது. வாட்கின்ஸின் பேஸ் மட்டும் தனியே நடந்து வருகிறது. அவசரமே இல்லாத நடை. பிறகு ரோலின்ஸ் சில ஸ்வரங்களை மட்டும் கொண்ட ஒரு மெட்டை வைக்கிறார். அது எந்தச் சுருதியில் நிற்கிறது என்று முதலில் தெளிவாகத் தெரியாது. தொடக்கத்தில் பியானோ இல்லாததால் அந்த மயக்கம் கூடுகிறது. அந்தச் சில ஸ்வரங்களைத் திருப்பி, நீட்டி, உடைத்து, சில சமயம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, தன் மனோதர்மத்தைக் கட்டுகிறார். ரோச்சின் தனி வாசிப்பும் அப்படியே: ஒன்றிரண்டு தாளச் சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றை மட்டுமே வைத்து ஒரு கட்டுரை எழுதுவதுபோல வாசிக்கிறார்.

1958 நவம்பரில் ‘த ஜாஸ் ரிவ்யூ’ என்ற பத்திரிகையின் முதல் இதழில் கன்தர் ஷுல்லர் இந்த ஒரு வாசிப்பைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அவர் சாதாரண விமர்சகர் அல்லர். மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா இசைக்குழுவில் ஹார்ன் வாசித்தவர், இசையமைப்பாளர், மைல்ஸ் டேவிஸுடனும் பதிவு செய்தவர். மேற்கத்தியச் செவ்வியல் இசையை ஆராயப் பயன்படும் நுணுக்கமான கருவிகளை ஒரு ஜாஸ் வாசிப்பின்மேல் வைத்துப் பார்த்தார். பெரும்பாலான ஜாஸ் மனோதர்மம் தொடர்பில்லாத துண்டுகளின் வரிசை; ரோலின்ஸோ தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே கருவை வளர்த்து முழுமையான கட்டுமானத்தை எழுப்புகிறார் என்பது அவருடைய வாதம். ஜாஸ் பற்றிய எழுத்தில் இவ்வளவு பேசப்பட்ட கட்டுரைகள் குறைவு.

கட்டுரை தட்டுக்கு நன்மை செய்தது; பல்கலைக்கழக வகுப்பறைகளுக்குள் அதைக் கொண்டுபோனது. தட்டின் நாயகருக்கு அவ்வளவு நன்மை செய்யவில்லை. தான் அறியாமலே செய்துகொண்டிருந்ததை இன்னொருவர் எழுத்தில் படித்ததும், வாசிக்கும்போது அந்த எழுத்து குறுக்கே வந்தது. தன்னைப் பற்றி எழுதுவதைப் படிப்பதையே விட்டுவிடப் போவதாகச் சொன்னார். 1959-இல் அவர் மேடையை விட்டு விலகியதற்கு இந்தக் கட்டுரைதான் காரணம் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது மிகை. தன் புகழுக்கு ஈடாகத் தன் வாசிப்பு இல்லை என்ற உறுத்தலைத்தான் அவரே காரணமாகச் சொன்னார். வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று ரயில், படகு ஓசைகளுக்கு நடுவே தனியாகச் சாதகம் செய்த அந்த இடைவெளி 1961 வரை நீண்டது.

ஷுல்லரின் வாதம் முழுவதும் சரியா? 2014-இல் பெஞ்சமின் கிவன் என்ற இசையியலாளர் இதை மறுபடி எடுத்துப் பார்த்தார். ‘ப்ளூ செவன்’ மெட்டிலிருந்து பிறந்ததாக ஷுல்லர் காட்டிய சில பிடிகள், ரோலின்ஸ் அந்தக் காலத்தில் மற்றப் பதிவுகளிலும் வழக்கமாகப் பயன்படுத்தியவைதான் என்று அவர் வாதிட்டார். அதாவது திட்டமிட்ட கட்டுமானம் என்று பார்த்ததில் ஒரு பங்கு, கைப்பழக்கம். எனக்கு இது ஷுல்லரைத் தோற்கடிக்கும் வாதமாகப் படவில்லை. பழகிய பிடிகளை எந்த இடத்தில் வைத்தால் அவை மெட்டின் வாரிசுபோல ஒலிக்கும் என்று அந்த நொடியில் தெரிவதும் யோசனைதான். ஆனால் ஒரு விஷயத்தில் ஷுல்லரோடு உடன்பட முடியவில்லை. ஒருமை இருப்பதாலேயே ஒரு வாசிப்பு உயர்ந்ததாகிவிடாது. கணக்குப் பிசகாமல் கருவை வளர்த்து, கேட்பவரைத் தூங்கவைத்தவர்கள் உண்டு. ‘ப்ளூ செவன்’ நம்மைப் பிடித்து வைத்திருப்பது, அடுத்து என்ன வரும் என்று ரோலின்ஸுக்கே தெரியாத இடங்களில்.

நான்கு நாள் கழித்து

ஜூன் 26 இரவு, பென்சில்வேனியா நெடுஞ்சாலையில், மழையில் ஒரு கார் கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்தது. அதில் இருந்த மூவரும் இறந்தார்கள்: கிளிஃபர்ட் பிரவுன், குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவல், காரை ஓட்டிய அவர் மனைவி நான்சி. சிகாகோ கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ரோச்சும் ரோலின்ஸும் தனியாகப் பயணம் செய்ததால் தப்பினார்கள். பிரவுனுக்கு இருபத்தைந்து வயது.

தட்டு கடைக்கு வந்தபோது அந்தக் குழு இல்லை. சிலர் இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது உருப்படியின் சோகத்தில் பிரவுனுக்கான இரங்கலைக் கேட்கிறார்கள். நாட்காட்டி அதை அனுமதிக்காது. இதில் இருப்பது இழப்புக்கு முந்தைய இசை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு குழுவின் இரண்டு பேர், இடையில் ஒரு வெள்ளிக்கிழமை, வேறு வேலைக்கு வந்த உற்சாகம். தட்டில் வாசித்த வாட்கின்ஸும் 1962-இல், இருபத்தேழு வயதில், கார் விபத்திலேயே இறந்தார்.

ரோச்சுடன் ரோலின்ஸ் சில காலம் தொடர்ந்தார். 1957-இல் பியானோவையே ஒதுக்கிவிட்டு பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ‘வே அவுட் வெஸ்ட்’, வில்லேஜ் வான்கார்ட் மேடைப் பதிவு என்று போனார். ‘ப்ளூ செவன்’ தொடக்கத்தில் கேட்ட அந்த வெற்றிடம் அவருக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் மறுபடியும் ஒதுங்கி, பம்பாயின் பவாயில் ஓர் ஆசிரமத்தில் தங்கி யோகமும் வேதாந்தமும் படித்தார். மூச்சுத் தொல்லையால் நிறுத்தும்வரை, 2012 வரை, மேடையில் வாசித்தார். தன் பழைய தட்டுகளைக் கேட்பது தனக்குப் பிடிக்காது என்று பல பேட்டிகளில் சொன்னவர். இந்தத் தட்டும் அதற்கு விதிவிலக்கு இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2016-ஆம் ஆண்டுக்கான தேர்வுகளில் இதைச் சேர்த்தது.

இன்று இந்தத் தட்டு அதிகம் உயிரோடு இருப்பது மாணவர்களிடம். ‘செயின்ட் தாமஸ்’ உலகம் முழுக்க ஜாஸ் பயில்பவர்கள் ஆரம்பத்திலேயே கற்கும் உருப்படி. மெட்டு எளிது, தாளம் துள்ளலானது, சபையும் உடனே கைதட்டும். அவர்களில் பெரும்பாலோர் நகலெடுப்பது ரோலின்ஸின் இரண்டாவது சுற்றை, அந்தச் சுவிங் ஓட்டத்தை. விரல் வேகம் இருந்தால் அது வந்துவிடுகிறது. முதல் சுற்றின் இரண்டு ஸ்வரத்தை அப்படியே வாசித்துக் காட்டுபவர்களும் உண்டு, ஆனால் அங்கே இடைவெளி வெறும் மௌனமாக விழுகிறது. பக்கத்தில் டிரம்ஸ் வாசிப்பவர் அந்த நேரத்தில் என்ன சொல்கிறார் என்று காது கொடுப்பதில்லை. புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு என் பரிந்துரை, இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: முதலில் ‘மொரிட்டாட்’, உடனே ‘ப்ளூ செவன்’, அப்புறம்தான் ‘செயின்ட் தாமஸ்’. ரோலின்ஸைக் கேட்கும் அதே கவனத்தோடு ஒருமுறை ரோச்சை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்றையும் கேட்டுப் பாருங்கள். தட்டின் அட்டையில் அவர் பெயரையும் பெரிதாகப் போட்டிருக்கலாமே என்று தோன்றும்.